தச்சுப் பட்டறைக்கு எத்தனை கிலோவாட் சர்வீஸ் (மின் இணைப்பு) வாங்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின் ஒப்பந்த வேலை என் தொழில். மரவேலைப் பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் மெஷின்கள் வந்து இறங்கிய பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். மெஷினுக்கு இரண்டு மாதம் அலைந்து விலை பேசியவர், மின்சாரத்துக்கு இரண்டு நாள் கூட ஒதுக்கியிருக்க மாட்டார். அந்த நேரத்தில் அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் ஓர் ஆசாரியும் ஓர் உதவியாளரும் வேலை செய்யும் அளவிலான பட்டறைதான் இதில் கணக்கு. பெரிய மர அறுவை மில்லுக்கு இது பொருந்தாது.

ஆறு மெஷின் இருக்கிறது. எல்லா எச்.பி.யையும் கூட்டி அதற்குத் தகுந்த சர்வீஸ் வாங்கினால் போதாதா?

போதும். ஆனால் இங்கே இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று மின்வாரியத்துக்கு, இன்னொன்று ஒயருக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் தேவைக்கு மேல் செலவு செய்கிறார்கள், சிலர் வேண்டியதைக் கூடச் செய்யாமல் விடுகிறார்கள்.

மின்வாரியத்துக்கான கணக்கில், பட்டறையில் இணைத்திருக்கும் எல்லாம் சேரும். ஓடுகிறதா சும்மா நிற்கிறதா என்ற பேச்சே இல்லை. ஓர் எச்.பி.க்கு (குதிரைத்திறன்) 0.746 கிலோவாட். எடுத்துக்காட்டாக, வட்ட ரம்பம் 3 எச்.பி., திக்னஸர் (பலகையை ஒரே கனத்துக்குச் சீவுவது) 5, சர்ஃபேஸ் பிளேனர் (பலகையின் முகத்தை மட்டமாக்குவது) 2, பேண்ட் சா (பட்டை ரம்பம்) 2, தூசி உறிஞ்சும் மெஷின் 2, கம்ப்ரசர் 2 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 எச்.பி., அதாவது ஏறத்தாழ 11.9 கிலோவாட். கை ரவுட்டர் 1.6, விளக்கும் மின்விசிறியும் அரை கிலோவாட். ஆக 14 கிலோவாட்.

ஒயருக்கான கணக்கில் மெஷின்களை எண்ணக் கூடாது, கைகளை எண்ண வேண்டும். ஆசாரி திக்னஸரில் பலகை விட்டுக்கொண்டிருக்கும்போது அவரே வட்ட ரம்பத்திலும் நிற்க முடியாது. உதவியாளர் ரவுட்டர் பிடித்திருக்கலாம். தூசி உறிஞ்சி கூடவே ஓடும். கம்ப்ரசருக்கு ஆள் வேண்டாம், காற்று குறைந்தால் தானே கிளம்பும். ஆகவே மிக மோசமான நேரம் இதுதான்: திக்னஸர் 7.5 ஆம்பியர், தூசி உறிஞ்சி 3.5, கம்ப்ரசர் 3.5, அதே பேஸில் (மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில் ஒன்று) ரவுட்டர் 7. அந்தப் பேஸில் 21.5 ஆம்பியர். விளக்குகளை வேறு பேஸில் கொடுத்துவிடலாம்.

இதற்கு 32 ஆம்பியர் நான்கு துருவ மெயின் சுவிட்ச் போதும். மீட்டரிலிருந்து பட்டறையின் சுவிட்ச் பலகை வரை 6 சதுர மி.மீ. செம்பு ஒயர் சரியாக இருக்கும். தூரம் 25 மீட்டருக்கு மேல் என்றால் நான் 10 சதுர மி.மீ. போடுவேன். வருங்காலத்துக்கென்று 63 ஆம்பியர் மெயினும் அதற்கேற்ற கேபிளும் போடச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பணத்தில் நல்ல ஸ்டார்ட்டர்கள் (மோட்டாரைக் கிளப்பவும் காக்கவும் உள்ள சுவிட்ச் பெட்டிகள்) வாங்கலாம்.

சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?

தமிழ்நாட்டில் 4 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ பேஸ்தான். மேலே சொன்னது போன்ற பட்டறைக்கு இந்தக் கேள்வியே எழாது. 4 கிலோவாட்டுக்குள் இருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். நிலையான மெஷின் எதையும் 2 எச்.பி.க்கு மேல் வாங்கப் போவதில்லை, மற்றதெல்லாம் கைக் கருவிகள் என்றால் சிங்கிள் பேஸ் தாங்கும். 3 எச்.பி. மோட்டார் ஒன்று வந்தாலும் த்ரீ பேஸுக்குப் போய்விடுங்கள் என்பேன். காரணம் அடுத்த பதிலில்.

கடைக்காரர் 3 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாரே கிடைக்கும், வீட்டு லைனிலேயே ஓடும் என்கிறார். என்ன தவறு?

ஓடும். கிளம்புவதில்தான் சிக்கல்.

3 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 18 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு, அதாவது 90 ஆம்பியர். வீட்டு முகப்பிலிருந்து பின்பக்கத்துக் கொட்டகைக்கு 30 மீட்டர். யாரோ 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்திருப்பார். போய்த் திரும்பும் தூரம் 60 மீட்டர். அந்த ஒயரின் தடை ஒரு கிலோமீட்டருக்கு 7.4 ஓம் என்பதால் இங்கே 0.44 ஓம். அதில் 90 ஆம்பியர் போனால் 40 வோல்ட் ஒயரிலேயே தொலைந்துவிடும். மோட்டாருக்குக் கிடைப்பது 230 அல்ல, 190.

மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 190 வோல்ட்டில் அது மூன்றில் இரண்டு பங்குதான். பிளேனரின் கனமான கட்டர் உருளையைச் சுழற்றி எடுக்க அது போதாமல், மோட்டார் ம்ம்ம் என்று முனகிக்கொண்டே மெதுவாக ஏறும். கிளம்பும் நேரம் நீள நீள அந்த 90 ஆம்பியரும் கூடவே நீளும். 6 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 17 வோல்ட்டுக்குள் அடங்கும், 213 வோல்ட் கிடைக்கும். இதற்கு மேல் தெருக் கம்பத்திலிருந்து வரும் லைனின் இழப்பும் உண்டு. அது நம் கையில் இல்லை.

இதே 30 மீட்டர், இதே 2.5 சதுர மி.மீ. ஒயரில் 5 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டாரை நேரடியாகக் கிளப்பினால் 415 வோல்ட்டில் 17 வோல்ட்தான் இறங்கும். நூற்றுக்கு நான்கு. பெரிய மோட்டார், அதே ஒயர், பாதிப்பு கால்வாசி கூட இல்லை.

சுவிட்சைப் போடும் முன் பெல்ட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகு போடும் ஆசாரி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். 'பழைய மெஷின், கொஞ்சம் சோம்பேறி' என்றார். மோட்டாரைக் கிளப்ப உதவும் கப்பாசிட்டரை மாற்றினோம், கொஞ்சம் தேறியது. ஒயரை மாற்றிய பிறகு மெஷினின் சோம்பேறித்தனம் முழுவதும் போய்விட்டது. அவருக்குத்தான் கை பெல்ட்டை நோக்கிப் போகும் பழக்கம் ஒரு வாரம் வரை போகவில்லை. விரல்கள் பத்தும் இருக்கும்போதே அந்தப் பழக்கம் போனதில் எனக்கு நிம்மதி.

வீட்டு சர்வீஸிலேயே பட்டறை நடத்தலாமா? பக்கத்தில் எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

வீட்டுக்குக் கட்டில் செய்வதும் ஆர்டர் எடுத்துக் கட்டில் செய்வதும் வேறு. வீட்டு இணைப்பில் இலவச யூனிட்டும் மானியமும் உண்டு. அந்த மின்சாரத்தில் தொழில் செய்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி அது அனுமதியற்ற பயன்பாடு. பொருந்தும் கட்டண விகிதத்தின் இரு மடங்கில் மதிப்பிடுவார்கள். எப்போது தொடங்கியது என்று உறுதிசெய்ய முடியாவிட்டால், சோதனை நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்கு அந்தக் கணக்கு ஓடும். ஒரு வருட லாபம் அதில் போய்விடும்.

வீட்டு வளாகத்திலேயே பட்டறை என்றால், கொட்டகையைத் தனிப் பகுதியாகப் பிரித்து அதற்கென்று தனி சர்வீஸ் வாங்குங்கள். இரண்டு சர்வீஸின் ஒயர்களும் எங்கேயும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நியூட்ரல் கூடத் தனி.

எந்தக் கட்டணப் பிரிவில் வரும்?

குடிசைத் தொழிலும் சிறு தொழிலும் 12 கிலோவாட் வரை 3-ஏ(1) பிரிவு. அதற்கு மேல் 3-பி, அதில் கட்டணம் கூடுதல். மரச்சாமான் விற்கும் கடை மட்டும் என்றால் வணிகப் பிரிவு.

நம் எடுத்துக்காட்டுப் பட்டறை 14 கிலோவாட்டில் நிற்கிறது, வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் மெஷின் வாங்கும் முன்பே என்னிடம் வந்திருந்தால் ஒன்று சொல்லியிருப்பேன். சர்ஃபேஸ் பிளேனரும் திக்னஸரும் ஒன்றாகச் சேர்ந்த கூட்டு மெஷின் கிடைக்கிறது, ஒரே 3 எச்.பி. மோட்டார். 5ம் 2ம் போய் 3 வருகிறது. மொத்தம் 12 எச்.பி., ரவுட்டரும் விளக்கும் சேர்த்து 11 கிலோவாட். வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், மேசையைத் தூக்கி மாற்ற வேண்டும். ஆனால் இருவர் வேலை செய்யும் பட்டறையில் அந்த இரண்டு மெஷினையும் ஒரே நேரத்தில் யார் ஓட்டப் போகிறார்கள்?

மெஷினைக் கணக்கில் காட்டாமல் மறைக்கும் யோசனை வேண்டாம். இப்போதைய மீட்டர் உச்சத் தேவையையும் பதிவுசெய்கிறது.

த்ரீ பேஸ் கிடைக்க நாளாகும் என்கிறார்கள். அதுவரை வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) வைத்து ஓட்டலாமா?

3 எச்.பி. வரை ஓட்டலாம். சிங்கிள் பேஸ் 230 வோல்ட்டை வாங்கி த்ரீ பேஸ் 230 வோல்ட்டாகக் கொடுக்கும் வி.எஃப்.டி. கிடைக்கிறது. நம் ஊரில் 3 எச்.பி. வரையிலான மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் வரும் (ஸ்டார், டெல்டா இரண்டும் மோட்டாரின் மூன்று சுருள்களை இணைக்கும் முறைகள்). இணைப்புப் பெட்டியைத் திறந்து மூன்று பட்டைகளை மாற்றி டெல்டாவாக்கினால் 230 வோல்ட்டுக்கு ஒத்துப்போகும். மோட்டாரின் பெயர்ப் பலகையில் இரண்டு வோல்டேஜும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

5 எச்.பி. மோட்டார் பொதுவாக 415 வோல்ட்டிலேயே டெல்டா. அதற்கு இந்த வழி இல்லை.

வி.எஃப்.டி.யில் மோட்டார் மெல்லக் கிளம்பும், அந்தப் பல மடங்கு இழுப்பு இருக்காது. கிளம்பும் சிக்கலுக்கு இது அருமையான தீர்வு. ஆனால் மரத்தூள் அதற்கு எமன். அதன் விசிறி தூளை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். மூடிய பெட்டிக்குள், மெஷினிலிருந்து தள்ளி, சுவரில் வையுங்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் போடாதீர்கள்.

மெஷினைப் போட்டதும் எம்.சி.பி. விழுகிறது. பெரியதாக மாற்றிவிடலாமா?

எம்.சி.பி., அதாவது ஆம்பியர் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச், காப்பது ஒயரை. மோட்டாரைக் காப்பது ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலே. இந்த வேறுபாடு புரிந்தால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

5 எச்.பி. மோட்டார் ஓடும்போது 7.5 ஆம்பியர், கிளம்பும்போது 45 முதல் 52. 10 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. ஐந்து முதல் பத்து மடங்குக்குள் உடனே விழும். 50 ஆம்பியரிலேயே விழுந்தாலும் அதன் மேல் குற்றமில்லை. அதே 10 ஆம்பியரில் 'டி' வகை பத்து முதல் இருபது மடங்கு வரை பொறுக்கும். அல்லது 16 ஆம்பியர் 'சி'. 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு இரண்டுமே பாதுகாப்பானவை. 32க்கு மாற்றினால் எம்.சி.பி. விழாது, ஒயர் வேகும்.

ஓவர்லோடு ரிலேயின் குமிழை பெயர்ப் பலகையில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள். மில்களில் கழித்துக்கட்டிய பழைய மோட்டார் என்றால், இரண்டு மூன்று முறை சுருள் சுற்றியிருப்பார்கள், பலகையை நம்ப முடியாது. கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்து கொள்ளுங்கள். பத்துப் பட்டறைக்குப் போனால் பாதியில் அந்தக் குமிழ் உச்சத்தில்தான் இருக்கிறது. அடிக்கடி விழுகிறது என்று யாரோ திருகிவிட்டிருப்பார்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் கிளம்பும் ஆம்பியரை மூன்றில் ஒன்றாக்கும், முறுக்குவிசையையும் அப்படியே மூன்றில் ஒன்றாக்கும். 7.5 எச்.பி.க்குக் கீழே அது வேண்டாம்.

வெறும் திருப்பு சுவிட்சில் ரம்பத்தை ஓட்டாதீர்கள். மின்தடையில் நின்ற ரம்பம், மின்சாரம் வந்ததும் தானே சுழலும். அப்போது நீங்கள் சிக்கிய மரத்துண்டை எடுக்கக் குனிந்திருப்பீர்கள். காண்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள ஸ்டார்ட்டர் என்றால் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை கிளம்பாது.

மோட்டார் எரிந்துவிட்டது. ஒயரும் சரி, எம்.சி.பி.யும் விழவில்லை. எப்படி?

பெரும்பாலும் ஒரு பேஸ் போயிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபியூஸ் போய்விட்டால் பட்டறையில் பாதி விளக்கு எரியும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது, சத்தம் மட்டும் கரகரப்பாக மாறும், மீதி இரண்டு பேஸிலும் ஆம்பியர் ஏறத்தாழ 1.7 மடங்காகும். 7.5 ஆம்பியர் 13 ஆகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளுமா?

சுருள் சுற்றுபவரிடம் மோட்டாரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எல்லாச் சுருள்களும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் அதிகச் சுமை. ஸ்டார் இணைப்பில் மூன்றில் இரண்டு பங்கு கரியாகி ஒரு பங்கு புதுச்செம்பாகப் பளபளத்தால், அல்லது டெல்டாவில் ஒரு பங்கு மட்டும் கரிந்து மற்றவை புதிதாக இருந்தால், பேஸ் போனதுதான் காரணம். சுருளே சாட்சி சொல்லும்.

பேஸ் இழப்பைக் கண்டுணரும் ஓவர்லோடு ரிலே வாங்குங்கள். மெயினில் ஒரு சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் (ஒரு பேஸ் போனால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வைக்கலாம். ஆனால் வோல்டேஜை மட்டும் பார்க்கும் மலிவான வகையை நம்பி இருக்க முடியாது. ஓடும் மோட்டார் போன பேஸிலும் ஓரளவு வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும், கருவி ஏமாந்துவிடும். ஆம்பியரைப் பார்க்கும் வகைதான் சரி.

நியூட்ரல் முக்கியமா? மோட்டாருக்குத்தான் அது தேவையில்லையே?

மோட்டாருக்குத் தேவையில்லை. ரவுட்டர், விளக்கு, கைப்பேசி சார்ஜர் எல்லாவற்றுக்கும் தேவை. மெயின் நியூட்ரல் இணைப்பு தளர்ந்து கழன்றுவிட்டால் 230 வோல்ட் சாதனங்கள் இரண்டு பேஸுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்ளும். ஒரு பேஸில் 1600 வாட் ரவுட்டர், இன்னொரு பேஸில் நான்கு எல்.இ.டி. விளக்கு என்றால், விளக்குகளுக்கு 400 வோல்ட் நெருங்கிப் போகும். நான்கும் ஒன்றாகப் படபடவென்று போகும். இறுக்கித் திருக வேண்டிய திருகுகளில் முதலாவது அதுதான். மரவேலைப் பட்டறையில் அதிர்வு அதிகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு எல்லா முனைகளையும் இறுக்குங்கள்.

எர்த் எத்தனை போட வேண்டும்? மரத்தூளால் தீப்பிடிக்குமா?

த்ரீ பேஸ் மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு, இது விதி. கைக் கருவிகளின் பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் அணையும் சுவிட்ச்) போடுங்கள். மெயினில் 100 வையுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் ஒரு ரவுட்டரின் சிறு கசிவுக்கு மொத்தப் பட்டறையும் இருளும்.

தீ என்றால், காற்றில் மிதக்கும் நுண்தூள், குறிப்பாக எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தூள், பற்றிக்கொள்ளக் கூடியது. மூடிய வகை மோட்டார்தான் வாங்க வேண்டும். பழைய திறந்தவகை மோட்டாரின் துளைகளில் தூள் அப்பி, அது சூட்டில் கருகும் வாசனையை நீங்களே நுகர்ந்திருப்பீர்கள். சுவிட்ச் பலகை மூடியோடு இருக்கட்டும், தலைக்கு மேல் மட்டமான பரப்பு எதுவும் வேண்டாம், தூள் அங்கேதான் தங்கும்.

மோட்டார் வீணாக இழுக்கும் ஆம்பியரைக் குறைக்கும் கப்பாசிட்டர் கட்டாயமா?

3 எச்.பி.யும் அதற்கு மேலும் உள்ள மோட்டார்களுக்குப் போடுங்கள். 5 எச்.பி.க்கு 2 கே.வி.ஏ.ஆர். (கப்பாசிட்டரின் அளவு) உள்ளது. ஸ்டார்ட்டருக்குப் பின்னால் இணைத்தால் மோட்டாரோடு சேர்ந்து வரும், போகும். வி.எஃப்.டி.யில் ஓடும் மோட்டாருக்கு மட்டும் போடவே கூடாது.

ஜெனரேட்டர் எவ்வளவு பெரியது வேண்டும்?

5 எச்.பி. மோட்டாரை நேரடியாகக் கிளப்ப 12.5 கே.வி.ஏ.வாவது வேண்டும். ஓடும்போது அதில் பாதி கூடத் தேவைப்படாது, கிளம்பும் இரண்டு நொடிக்காகத்தான் அந்த அளவு. பெரிய மோட்டாரை முதலில் கிளப்பி, அது வேகம் பிடித்த பிறகு தூசி உறிஞ்சியைப் போடுங்கள். நான்கு துருவ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைக்காதீர்கள். உங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனுக்குப் போய்ச் சேரும்.

பிறகு சி.என்.சி. (கணினி ஓட்டும்) ரவுட்டர் வாங்கும் எண்ணம் இருக்கிறது. இப்போதே என்ன செய்து வைப்பது?

சுழல் தண்டு 3 முதல் 6 கிலோவாட், பலகையைப் பிடித்துவைக்கும் வேக்குவம் பம்ப் 5.5 கிலோவாட்டுக்கு மேல். இவை மற்ற மெஷின்களைப் போல அல்ல, ஆள் இல்லாமல் மணிக்கணக்காக ஒன்றாகவே ஓடும். கைகளை எண்ணும் கணக்கு இதற்குப் பொருந்தாது. முழுச் சுமையையும் அப்படியே கூட்ட வேண்டும், அப்போது சர்வீஸையும் உயர்த்த வேண்டிவரும்.

அதற்காக இப்போதே பெரிய கேபிள் வாங்க வேண்டாம். மீட்டரிலிருந்து பட்டறை வரை மண்ணுக்குள் போகும் குழாயை மட்டும் 2 அங்குலமாகப் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள். சுவிட்ச் பலகையில் நான்கு இடம் காலியாக இருக்கட்டும். சிமென்ட் தரை போடும் முன் என்றால் இதற்குப் பெரிய செலவில்லை. தரை போட்ட பிறகு கூப்பிட்டால் உடைக்கும் ஆளோடு சேர்ந்துதான் நான் வர வேண்டியிருக்கும்.